மேல்நிலை உயிரியல் பாடம் (தமிழ்நாடு)

மேல்நிலை உயிரியல் என்பது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 11, 12ஆம் வகுப்புகளின் அறிவியல் பிரிவு மாணவர்கள் படிக்கும் பாடங்களுள் ஒன்றாகும். தாவரங்கள், விலங்குகள், நுண்ணுயிரிகள், மனித உடல் ஆகியவற்றின் அமைப்பும் செயல்பாடும், இனப்பெருக்கமும் மரபுவழியும், சூழலோடு அவற்றுக்குள்ள உறவும் இரண்டு ஆண்டுகளில் கற்பிக்கப்படுகின்றன. மருத்துவப் படிப்புக்கு நுழைவாயிலாகவே இப்பாடம் பலராலும் கருதப்படுகிறது. ஆனால் உணவு, வேளாண்மை, நோய், குடும்பம், நீர்நிலை என்று அன்றாட வாழ்வைத் தொடும் செய்திகளே இதில் மிகுதி. மருத்துவராகப் போகாத மாணவருக்கும் இவை பயன்படும். இக்கட்டுரை பாடத்தின் உள்ளடக்கத்தை, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் வட்டாரத்தில் கண்ணால் காணக்கூடிய எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது.

வரலாறு

தமிழ்நாட்டில் 1978 வரை பள்ளிப் படிப்பு 11 ஆண்டுகளாக இருந்தது. அதை முடித்தவர்கள் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் சேர்ந்தனர். தாவரவியலையும் விலங்கியலையும் தனிப்பாடங்களாக அங்குதான் படித்தனர். 1978இல் 10+2+3 முறை வந்தபோது புகுமுக வகுப்பு நீக்கப்பட்டு, மேல்நிலை வகுப்புகள் பள்ளிகளிலேயே தொடங்கப்பட்டன. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980இல் நடைபெற்றது. இம்மாற்றத்தால் சிறிய ஊர்களின் பள்ளிகளுக்கும் உயிரியல் ஆய்வகமும் முதுகலை ஆசிரியர்களும் தேவைப்பட்டனர். வெளியூர்க் கல்லூரிக்குச் செல்ல இயலாத மாணவர்கள், குறிப்பாக மாணவிகள், சொந்த ஊருக்கு அருகிலேயே இப்பாடத்தைப் படிக்க வழி ஏற்பட்டது.

இப்போதுள்ள பாடத்திட்டம் 11ஆம் வகுப்புக்கு 2018-19ஆம் கல்வியாண்டிலும், 12ஆம் வகுப்புக்கு 2019-20ஆம் கல்வியாண்டிலும் நடைமுறைக்கு வந்தது.

பாட அமைப்பு

உயிரியலை மாணவர்கள் இரண்டு வகையில் படிக்கலாம். இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றுடன் உயிரியலை ஒரே பாடமாக எடுப்பது ஒரு வகை. இவர்களுக்கு உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என இரண்டு நூல்கள் உண்டு. கணிதம் இல்லாமல் தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனிப் பாடங்களாக எடுப்பது மற்றொரு வகை. இது தூய அறிவியல் பிரிவு எனப்படும்.

11ஆம் வகுப்பு உயிரி-தாவரவியலில் உயிரி உலகம், தாவர உலகம், புற அமைப்பியல், வகைப்பாட்டியல், செல் உயிரியல், உள்ளமைப்பியல், தாவரச் செயலியல் ஆகியவை உள்ளன. உயிரி-விலங்கியலில் விலங்குலகம், திசுக்கள், மண்புழு, கரப்பான்பூச்சி, தவளை ஆகியவற்றின் உடலமைப்பு, பின்னர் மனிதனின் செரிமானம், சுவாசம், சுற்றோட்டம், கழிவுநீக்கம், இயக்கம், நரம்பு, நாளமில்லாச் சுரப்பிகள் ஆகியவை உள்ளன. 12ஆம் வகுப்பில் இனப்பெருக்கம், மரபியல், பரிணாமம், நோயும் தடைகாப்பும், உயிரித்தொழில்நுட்பம், சூழ்நிலையியல், பயிர்ப்பெருக்கம், பொருளாதாரத் தாவரவியல் ஆகியவை இடம்பெறுகின்றன.

பாடத்தலைப்புகள் பலவாக இருந்தாலும் அவை ஐந்து கேள்விகளுக்குள் அடங்கும். உயிரினங்களில் எத்தனை வகை? அவை எதனால் ஆனவை? எப்படி இயங்குகின்றன? எப்படித் தலைமுறையாகத் தொடர்கின்றன? பிற உயிர்களோடும் சூழலோடும் எப்படி வாழ்கின்றன? இக்கேள்விகளை மனத்தில் வைத்துப் படித்தால் பாடங்களுக்கு இடையேயுள்ள தொடர்பு விளங்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு செடி

கீரனூர், திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில், குளத்தூர் வட்டத்தில் உள்ள ஊராகும். அருகில் நார்த்தாமலைக் குன்றுகள் உள்ளன. சுற்றிலும் செம்மண் நிலமும், மழையை நம்பிய வேளாண்மையும், கண்மாய்களும் குளங்களும், முள்புதர்க் காடுகளும் காணப்படுகின்றன. இப்பகுதியினர் நன்கு அறிந்த பயிர்களுள் ஒன்று நிலக்கடலை. மேற்கண்ட ஐந்து கேள்விகளையும் இந்த ஒரு செடியிடமே கேட்கலாம். அது விடை தராத இடங்களில் மனித உடலும் ஊரின் பிற உயிர்களும் துணைக்கு வரும்.

எத்தனை வகை? – வகைப்பாட்டியல்

ஒரே செடிக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். நிலக்கடலையைக் கடலை என்பர். வேர்க்கடலை, மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்றும் சொல்வர். எந்நாட்டினரும் ஒரே உயிரினத்தைக் குறிக்கத் தக்க பொதுப்பெயர் வேண்டும் என்பதற்காகவே இருசொற்பெயர் முறை உருவானது. லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் இம்முறையைத் தாவரங்களுக்குச் சீராகக் கையாண்டார். அம்முறைப்படி நிலக்கடலையின் பெயர் அராக்கிஸ் ஹைபோஜியா. இதில் முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். ஹைபோஜியா என்பது நிலத்துக்கு அடியில் என்னும் பொருள் தருவது.

உயிரினங்களை ஐந்து உலகங்களாகப் பிரிக்கும் விட்டாக்கரின் முறையையும் (1969), மூன்று பெரும்புலங்களாகப் பிரிக்கும் கார்ல் வோஸின் முறையையும் (1990) மாணவர்கள் கற்கின்றனர். பூக்கும் தாவரங்களில் ஃபேபேசி, சொலானேசி, லில்லியேசி ஆகிய குடும்பங்கள் விளக்கப்படுகின்றன. இவற்றுக்குச் சங்குப்பூ, ஊமத்தை, வெங்காயம் ஆகியவை எடுத்துக்காட்டுகள். இவை மூன்றும் வேலியிலும் சாலையோரத்திலும் வீட்டிலும் கிடைப்பவை.

நிலக்கடலைப் பூவைப் பிரித்துப் பார்த்தால் சங்குப்பூவில் உள்ள அதே அமைப்பு தெரியும். பெரிய கொடி இதழ் ஒன்று, சிறகு இதழ்கள் இரண்டு, ஒட்டிய படகு இதழ்கள் இரண்டு உள்ளன. துவரை, உளுந்து, அவரை ஆகியவற்றின் பூக்களும் இவ்வாறே அமைந்தவை. வகைப்பாடு என்பது இத்தகைய உறவுகளைக் கண்டறிவதாகும்.

எதனால் ஆனது? – செல்லும் திசுவும்

எல்லா உயிரினங்களும் செல்களால் ஆனவை. ஒரு செல் முன்பிருந்த செல்லிலிருந்தே தோன்றுகிறது. செல்லுக்குள் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், கோல்கை உறுப்பு முதலியவை உள்ளன. தாவரச் செல்லில் கூடுதலாகச் செல்சுவரும் பசுங்கணிகமும் பெரிய நுண்குமிழ்ப்பையும் உண்டு.

செல் பகுப்பு மாணவர்களுக்குக் கடினமாகத் தோன்றும் பகுதியாகும். மைட்டாசிஸ் பகுப்பில் ஒரு செல்லிலிருந்து அதே எண்ணிக்கையில் குரோமோசோம்கள் உள்ள இரண்டு செல்கள் உண்டாகின்றன. செடி வளர்வதும் காயம் ஆறுவதும் இதனால்தான். மியாசிஸ் பகுப்பில் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகக் குறைந்து நான்கு செல்கள் உண்டாகின்றன. நிலக்கடலையின் உடற்செல்லில் 40 குரோமோசோம்கள் உள்ளன; அதன் மகரந்தத்திலும் அண்டத்திலும் 20 மட்டுமே இருக்கும். மனிதனுக்கு 46, இனச்செல்லில் 23. பாதியும் பாதியும் சேர்ந்து முழுமையாவதால் தலைமுறைதோறும் எண்ணிக்கை மாறாமல் இருக்கிறது. இந்த ஒரு கருத்து தெளிவானால் 12ஆம் வகுப்பு மரபியல் எளிதாகும்.

எப்படி இயங்குகிறது? – செயலியல்

தாவரச் செயலியலில் நீர்க்கடத்தல், கனிம ஊட்டம், ஒளிச்சேர்க்கை, சுவாசித்தல், வளர்ச்சி ஆகியவை அடங்கும். நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் காணப்படும். ரைசோபியம் என்னும் பாக்டீரியா இவற்றுள் வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி பயன்படுத்தும் வடிவுக்கு மாற்றித் தருகிறது. செடி அதற்கு உணவு தருகிறது. நன்கு செயல்படும் முடிச்சை நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். லெக்ஹீமோகுளோபின் என்னும் நிறமியே இதற்குக் காரணம். நைட்ரஜனை மாற்றும் நொதி ஆக்சிஜனால் கெடக்கூடியது; அது கெடாதவாறு ஆக்சிஜனைப் பிணைத்து வைப்பது இந்நிறமியின் வேலை.

நிலக்கடலைக்குப் பூக்கும் பருவத்தில் ஜிப்சம் இட்டு மண் அணைப்பர். ஜிப்சத்தில் கால்சியமும் கந்தகமும் உள்ளன. மண்ணுக்குள் வளரும் காய், தனக்குத் தேவையான கால்சியத்தைப் பெரும்பாலும் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாகவே எடுத்துக்கொள்கிறது. கால்சியம் குறைந்தால் காய் பொக்காகும். கனிம ஊட்டப் பாடம் சொல்வதும் உழவர் செய்வதும் ஒன்றே.

ஒளிச்சேர்க்கையில் நெல்லும் நிலக்கடலையும் சி3 வழியைப் பின்பற்றுகின்றன. கரும்பும் மக்காச்சோளமும் சி4 வழியைப் பின்பற்றுவதால் வெப்பத்திலும் கடும் ஒளியிலும் திறம்படச் செயல்படுகின்றன. சப்பாத்திக்கள்ளி பகலில் இலைத்துளை போன்ற தன் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடைச் சேமிக்கிறது. வறண்ட நிலத்தில் நீரை இழக்காமல் வாழ அது கொண்ட வழி இது.

மனிதச் செயலியலில் உடல் தன்னை ஒரே நிலையில் வைத்துக்கொள்ளும் முறை விளக்கப்படுகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீர்மம் வடிக்கப்பட்டு, அதில் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டு, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. கோடையில் நீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர்மஞ்சளாவது ஏன் என்பதற்கு இப்பாடத்தில் விடை உண்டு. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரியிலிருந்து வெளிப்படும் ஏ.டி.எச். ஹார்மோன் நீரை மீட்டெடுக்கச் செய்வதே காரணம்.

சுற்றோட்டப் பாடத்தில் ஹீமோகுளோபின் வருகிறது. வயதுவந்த பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழ் ஹீமோகுளோபின் இருந்தால் அது இரத்தசோகையாகக் கொள்ளப்படும். பள்ளிகளில் வழங்கப்படும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரையும் குடற்புழு நீக்க மாத்திரையும் இப்பாடத்தோடு சேர்த்து விளக்கத்தக்கவை. மயக்கம், மூச்சிரைப்பு, கவனக்குறைவு ஆகியவற்றைச் சோம்பல் என்று தள்ளிவிடாமல் காரணம் தேட இவ்வறிவு உதவும்.

எப்படித் தொடர்கிறது? – இனப்பெருக்கமும் மரபியலும்

நிலக்கடலையின் பூ மஞ்சள் நிறமானது. நிலத்துக்கு மேலே பூப்பது. பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையே நடைபெறும். கருவுற்ற பின் சூலகத்தின் அடிப்பகுதி நீண்டு விழுதாகிக் கீழ்நோக்கி வளர்ந்து மண்ணில் இறங்குகிறது. மண்ணுக்குள் சென்ற பிறகே நுனி பருத்துக் காயாகிறது. ஆகவே நிலக்கடலை வேரில் காய்ப்பது அன்று. பூவிலிருந்து வந்த கனியே மண்ணுக்குள் முதிர்கிறது. மண் அணைப்பது இவ்விழுதுகள் மண்ணை எட்டுவதற்காகத்தான்.

12ஆம் வகுப்பில் மனித இனப்பெருக்கமும் இனப்பெருக்க நலனும் தனிப்பாடங்களாக உள்ளன. பருவமடைதல், மாதவிடாய்ச் சுழற்சி, கருவுறுதல், கருத்தடை முறைகள், பால்வினை நோய்கள் ஆகியவை அவற்றில் விளக்கப்படுகின்றன. கூச்சம் கருதி இப்பாடங்களை, வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடும் வழக்கம் பல வகுப்பறைகளில் உண்டு. ஆனால் மாணவர் பலருக்கு இச்செய்திகளை முறையாக அறிய வேறு இடம் இல்லை. மாதவிடாய் என்பது கருப்பையின் உட்சுவர் ஹார்மோன் மாற்றத்தால் உதிர்வது. அது தீட்டோ நோயோ அன்று. இதை வகுப்பில் மாணவரும் மாணவியரும் ஒருங்கே கேட்பதே பல தவறான எண்ணங்களை நீக்கும்.

மரபியல், மெண்டலின் பட்டாணி ஆய்விலிருந்து தொடங்குகிறது. அவர் 1866இல் வெளியிட்ட முடிவுகள் 1900இல்தான் மீண்டும் கவனம் பெற்றன. ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, 3:1 விகிதம் ஆகியவற்றைக் கட்டம் போட்டுக் கணக்கிட மாணவர்கள் பழகுகின்றனர். இக்கணக்கு குடும்ப வாழ்வில் இரண்டு இடங்களில் நேரடியாகப் பயன்படுகிறது.

முதலாவது, குழந்தையின் பால் நிர்ணயம். தாயின் அண்டம் அனைத்திலும் எக்ஸ் குரோமோசோமே உள்ளது. தந்தையின் விந்துச்செல்லில் பாதிக்கு எக்ஸ், பாதிக்கு ஒய் உள்ளது. ஆண்குழந்தையா பெண்குழந்தையா என்பது தந்தையிடமிருந்து வரும் விந்துச்செல்லைப் பொறுத்தது. பெண்குழந்தை பெற்றதற்காகத் தாயைப் பழிப்பதற்கு அறிவியலில் இடமில்லை. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்ட மாநிலம் தமிழ்நாடு. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது.

இரண்டாவது, நெருங்கிய உறவில் திருமணம். மாமன்–அக்காள் மகள் உறவில் மரபணுக்களில் சராசரியாக நான்கில் ஒரு பங்கும், அத்தை மகன்–மாமன் மகள் உறவில் எட்டில் ஒரு பங்கும் பொதுவானவை. எனவே, மறைந்திருக்கும் ஒரே ஒடுங்கு மரபணு இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. இருவரும் அதைச் சுமப்பவராயின், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வெளிப்பட நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. தலாசீமியா இவ்வாறு வரும் நோய்களுள் ஒன்று. உறவில் மணந்த எல்லாருக்கும் குறையுள்ள குழந்தை பிறக்கும் என்பது இதன் பொருளன்று. வாய்ப்பு மிகுகிறது என்பதே பொருள். இந்த வேறுபாட்டை உணர்வதற்குத்தான் நிகழ்தகவுக் கணக்கு தேவைப்படுகிறது.

மூலக்கூறு மரபியலில், 1953இல் வாட்சனும் கிரிக்கும் முன்வைத்த டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பு, அதற்கு அடிப்படையான ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் எக்ஸ்-கதிர்ப் படங்கள், மரபுக்குறியீடு ஆகியவை இடம்பெறுகின்றன. மரபுக்குறியீட்டு ஆய்வுக்காக 1968இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர், இந்தியாவில் பிறந்த ஹர் கோபிந்த் குரானா.

பயிர்ப்பெருக்கப் பாடத்துக்கான எடுத்துக்காட்டு புதுக்கோட்டை மாவட்டத்திலேயே உள்ளது. வம்பனில் உள்ள தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம், வம்பன் என்னும் பெயரிலேயே உளுந்து ரகங்களை வெளியிட்டுள்ளது. உளுந்தைத் தாக்கும் மஞ்சள் தேமல் நோய் ஒரு வைரஸால் உண்டாகி, வெள்ளை ஈயால் பரவுகிறது. நோயைத் தாங்கும் பண்புள்ள செடியைத் தேர்ந்து, நல்ல விளைச்சல் தரும் செடியோடு கலப்பதே நோய் எதிர்ப்பு ரகம் உருவாக்கும் வழி. மெண்டலின் விதிகள் இங்கு வயலில் செயல்படுகின்றன.

பிறவற்றோடு எப்படி வாழ்கிறது? – நோயும் சூழலும்

ஓர் உயிர் மற்றோர் உயிரோடு கொள்ளும் உறவு எப்போதும் நன்மையாக இருப்பதில்லை. ரைசோபியம் நிலக்கடலைக்கு உதவுகிறது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்னும் பூஞ்சையோ, சரியாகக் காயவைக்காத கடலையில் வளர்ந்து அஃப்ளடாக்சின் என்னும் நச்சை உண்டாக்குகிறது. இது கல்லீரலைப் பாதிக்கும். பூசணம் பிடித்த கடலையை வறுத்தாலும் நச்சு முழுவதும் நீங்காது; அதை உண்ணக்கூடாது.

தடைகாப்பியல் பாடத்தில் உடல் தானே எதிர்ப்பொருளை உருவாக்குவது செயலாக்கத் தடைகாப்பு என்றும், வெளியிலிருந்து எதிர்ப்பொருளைப் பெறுவது மந்தத் தடைகாப்பு என்றும் பிரித்துச் சொல்லப்படுகின்றன. கிராமப்புறத்தில் இவ்வேறுபாடு உயிர் காக்கும் செய்தியாகும். நாய்க்கடிக்குப் போடும் தடுப்பூசி முதல் வகை. உடல் எதிர்ப்பொருளை உருவாக்க நாள் ஆகும் என்பதால் உடனே தொடங்கி எல்லாத் தவணைகளையும் போட வேண்டும். கடித்த இடத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவது முதற்பணி.

பாம்புக்கடிக்குத் தரும் நச்சுமுறி மருந்து இரண்டாம் வகை. குதிரைக்குச் சிறிதளவு நஞ்சு செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து இம்மருந்து செய்யப்படுகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்து வேலை செய்யும். இதற்கான நஞ்சை எடுத்துத் தருவதில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு முக்கியப் பங்குண்டு. கட்டுவிரியன் இரவில் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. அதனால் கடியில்லை என்று எண்ணிவிடக்கூடாது. கடிவாயைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது ஆகியவை தீமையே தரும். கடிபட்டவரை அசையவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சூழ்நிலையியலில் உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்போர், உணவுச் சங்கிலி, ஆற்றல் ஓட்டம் ஆகியவை குளத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கப்படுகின்றன. தாமரையும் பாசியும் உற்பத்தியாளர்கள்; பூச்சிகளும் மீன்களும் நுகர்வோர்; மீனைப் பிடிக்கும் கொக்கு அடுத்த நிலை. இதே மாவட்டத்துச் சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. அதில் தாமரையோடு மீன்கள், பறவைகள், யானை, எருமை ஆகியவையும் உள்ளன. பாடநூலின் குளப்படத்தையும் இவ்வோவியத்தையும் ஒப்பிட்டு, யார் யாரை உண்பர் என்று மாணவர்கள் எழுதிப் பார்க்கலாம்.

அயல் ஊடுருவல் இனங்களுக்குச் சீமைக்கருவேலம், ஆகாயத்தாமரை, உண்ணிச்செடி, பார்த்தீனியம் ஆகியவை எடுத்துக்காட்டுகள். கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் அடர்ந்தால் பிற செடிகள் வளர இடமிருக்காது. ஆயினும் அதன் விறகையும் கரியையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உள்ளன. சூழல் சிக்கல்களுக்கு ஒரு வரியில் விடை எழுத முடியாது என்பதை இது காட்டும். மாறாக, அய்யனார் கோயில்களைச் சூழ்ந்த கோயில்காடுகளில் மரம் வெட்டக்கூடாது என்னும் ஊர்க்கட்டுப்பாடு, இயல்பான மரங்களையும் கொடிகளையும் காத்து வந்துள்ளது. பாடநூல் இதனை இயற்கை வாழிடப் பாதுகாப்பில் சேர்க்கிறது.

செய்முறை

செய்முறைப் பயிற்சியில் நுண்ணோக்கியில் திசுக்களைப் பார்த்தல், உருளைக்கிழங்கைக் கொண்டு சவ்வூடு பரவலைக் காட்டுதல், இலை நிறமிகளைத் தாளில் பிரித்தல், உமிழ்நீர் நொதி மாவுப்பொருளைச் சிதைப்பதைச் சோதித்தல், இரத்த வகை அறிதல் ஆகியவை இடம்பெறுகின்றன. முன்பு தவளை, கரப்பான்பூச்சி முதலியவை அறுத்துக் காட்டப்பட்டன. இப்போது படங்களும் மாதிரிகளுமே பயன்படுகின்றன.

வசதி குறைந்த பள்ளியிலும் சில சோதனைகளைச் செலவின்றிச் செய்யலாம். ஒரு மீட்டர் சதுரத்தைக் கயிற்றால் அமைத்து அதற்குள் உள்ள செடி வகைகளை எண்ணலாம். உழுத வயலிலும் உழாத மேட்டிலும் மண்புழுக்களின் எண்ணிக்கையை ஒப்பிடலாம். பாடத்தில் வரும் லாம்பிட்டோ மாரிட்டி தமிழ்நாட்டு மண்ணில் பரவலாக உள்ள மண்புழுவே. கடலை அறுவடையின்போது வேர்முடிச்சுகளைச் சேகரித்து நிறம் பார்க்கலாம்.

தேர்வு

பிளஸ் டூ உயிரியல் எழுத்துத்தேர்வு 70 மதிப்பெண்களுக்கு நடைபெறுகிறது. உயிரி-தாவரவியலுக்கு 35, உயிரி-விலங்கியலுக்கு 35. செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 சேர்த்து மொத்தம் 100. 11ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு 2017-18இல் அறிமுகமாகி, 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 2025-26 முதல் கைவிடப்பட்டது. ஆயினும் 11ஆம் வகுப்புப் பாடங்களை விட்டுவிட இயலாது. செல் பகுப்பு தெரியாமல் மரபியலும், திசுக்கள் தெரியாமல் இனப்பெருக்கமும் விளங்கா.

மருத்துவச் சேர்க்கை தமிழ்நாட்டில் 2017 முதல் நீட் தேர்வு வழியாக நடைபெறுகிறது. அத்தேர்வின் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்குரியவை; 11, 12 ஆகிய இரு வகுப்புப் பாடங்களும் அதில் அடங்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் உள்ளது. பொதுத்தேர்வில் விளக்கி எழுத வேண்டும். நீட் தேர்வில் நான்கில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும், தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். இரண்டுக்கும் அடித்தளம் கருத்துத் தெளிவே. பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்தவர் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் தடுமாறுவார்.

கலைச்சொற்கள்

தமிழ்வழி மாணவர்கள் கல்லூரியில் சேரும்போது ஆங்கிலச் சொற்களால் தயங்குவதுண்டு. ஆனால் தமிழ்க் கலைச்சொற்கள் பல, பொருளைத் தாமே விளக்குபவை. சவ்வின் ஊடே பரவுவது சவ்வூடு பரவல். நீரிலும் நிலத்திலும் வாழ்வது இருவாழ்வி. வெளித்தெரியாமல் அடங்கியிருப்பது ஒடுங்கு பண்பு. தமிழ்ச்சொல்லால் கருத்தை உணர்ந்து, அதன் அருகில் ஆங்கிலச் சொல்லையும் எழுதிப் பழகினால் தயக்கம் நீங்கும்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் சில சொற்கள் வேறுபடும். செல் அங்கு கலம், திசு இழையம், நொதி நொதியம், ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு. இணையத்தில் படிக்கும் மாணவர்கள் இவற்றை அறிந்திருப்பது நல்லது. தமிழில் உடலறிவியல் கற்பித்தல் புதியதும் அன்று. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார்.

மேற்படிப்பு

நீட் தேர்வில் இடம் கிடைக்காவிட்டால் உயிரியல் படித்தது வீண் என்று எண்ணும் மாணவரும் பெற்றோரும் உள்ளனர். வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை மருத்துவம், மீன்வளம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம், ஆய்வகத் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம், வனவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித்தொழில்நுட்பம் ஆகிய படிப்புகளுக்கும் இப்பாடமே அடிப்படை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தம் இளநிலைப் படிப்புகளின் மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு மாணவர்களைச் சேர்க்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் வேளாண்மைக் கல்லூரியும், புதுக்கோட்டையில் 2017இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும், அருகிலுள்ள ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளன.

மேற்படிப்புக்குச் செல்லாமல் ஊரிலேயே தொழில் செய்பவருக்கும் இப்பாடம் துணைநிற்கும். பாம்பு கடித்தவரை எங்கே கொண்டுசெல்வது, பெண்குழந்தை பிறந்ததற்கு யார் காரணம், பூசணம் பிடித்த கடலையை என்ன செய்வது, கடலைக்கு ஜிப்சம் ஏன் இடுவது போன்ற கேள்விகள் எந்த வீட்டிலும் எழக்கூடும். அப்போது சரியான விடையைச் சொல்லக்கூடியவர், அந்த வீட்டில் உயிரியல் படித்த பிள்ளையே.